சாவு வீட்டுப் படத்தில் ஒரு தெரு

மதுரையின் பழைய படங்களை இணையத்தில் தேடினால் கோபுரம் வரும். இன்னும் கொஞ்சம் தேடினால் இன்னொரு கோபுரம் வரும். அப்புறம் பொற்றாமரைக் குளம், நாயக்கர் மகால் தூண்கள், தெப்பக்குளத்து மைய மண்டபம், யானைமலை. நூற்றைம்பது வருடத்துக்கும் மேலாகக் கேமராவோடு இந்த ஊருக்கு வந்தவர்கள் ஏறக்குறைய ஒரே இடங்களில் நின்று ஒரே பக்கம் பார்த்திருக்கிறார்கள். எனக்கு வேண்டியது தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் கிடக்கிற சந்துகள். அந்தப் பக்கம் யாரும் திரும்பவில்லை.

குறை சொல்லும் முன் அவர்கள் எடுத்ததையும் மரியாதையாகப் பார்த்துவிட வேண்டும். 1858-ல் கேப்டன் லின்னேயஸ் டிரைப் மதுரைக்கு வந்தார். சென்னை ராணுவத்து அதிகாரி. இரண்டு வருடம் முன்புதான் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரர் என்ற வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். பெரும்பாலும் மெழுகு தடவிய காகிதம்தான் அவருக்கு நெகட்டிவ். தஞ்சாவூர்ப் பெரிய கோவிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, 19 அடிக்கு மேல் நீளமான ஒரே படமாக ஆக்கினார். இதற்கெல்லாம் அரசாங்கம் தந்த பரிசு, ஓரிரு வருடத்தில் செலவு அதிகம் என்று அந்த வேலையையே ஒழித்துக் கட்டியது.

டிரைப்பின் மதுரைப் படங்களில் மீனாட்சி கோவில் நகைகள் இருக்கின்றன, யானைமலை இருக்கிறது. நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பது விளக்குத்தூண் படத்தை. கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக வைத்த விளக்கு அது. 1837 வாக்கில் நாயக்கர் காலத்துக் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்க்க ஏற்பாடு செய்தவர் அவர். அந்த இடத்தில் எழுந்தவைதான் வெளி வீதிகளும், மாரட் வீதியும், பெருமாள் மேஸ்திரி வீதியும். கோட்டையில் மிச்சம் என்று சொல்ல, பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு துண்டு நிற்கிறது. இன்று விளக்குத்தூண் என்றால் எங்களுக்கு ஒரு ஸ்டாப், ஜவுளி எடுக்கப் போகிற இடம். தூண் எங்கே என்று கேட்டால் பாதிப் பேர் யோசிப்பார்கள். டிரைப்பின் படத்தில் தூண்தான் கதாநாயகன். அது நின்ற தெருவைச் சேர்ந்த ஓர் ஆள்கூட அதில் தெளிவாக இல்லை. அந்தக் காலக் கேமராவுக்கு வெகு நேரம் வெளிச்சம் வேண்டும். அதற்குள் நடந்து போனவன் படத்தில் பதிய மாட்டான். அசையாமல் நின்ற கல்லும் சுண்ணாம்பும்தான் வரலாற்றில் ஏறின.

பழைய படத்தின் காலத்தைக் கண்டுபிடிப்பது எனக்குப் பிடித்த விளையாட்டு. மதுரைக்கு அதற்கென்று சில அடையாளங்கள் உண்டு. வடக்குக் கோபுரம் உச்சி இல்லாமல் நின்றால் படம் 1878-க்கு முந்தியது. வெகுகாலம் முடிக்கப்படாமல் நின்றதால்தான் அதற்கு மொட்டைக் கோபுரம் என்று பேர். கட்டி முடித்து இவ்வளவு காலம் ஆன பிறகும் அந்தப் பேரை நாங்கள் விடவில்லை. வைகைமேல் ஆல்பர்ட் விக்டர் பாலம் தெரிந்தால் 1889-க்குப் பிந்தியது. அதற்கு முன் ஆற்றைக் கடக்கத் தரைப்பாலம்தான், டிரைப் அதையும் எடுத்திருக்கிறார். நாயக்கர் மகால் சிதிலமாகத் தெரிந்தால், கவர்னர் நேப்பியர் அதைப் பழுது பார்க்கச் சொன்னதற்கு முந்தியது. நேப்பியர் 1866 முதல் 1872 வரை கவர்னர். இவ்வளவு தெரிந்தாலே போதும், வாட்ஸ்அப்பில் ‘1860-ல் மதுரை’ என்று வருகிற படத்தில் பாலம் வளைவு வளைவாகத் தெரிவதைப் பார்த்துச் சிரித்துக்கொள்ளலாம். அனுப்பியவர் சொந்தக்காரராக இருந்தால் சிரிப்பை அடக்கிக்கொள்வது நல்லது.

அடுத்து அஞ்சலட்டைகள். இந்தியாவில் தபால் கார்டு வந்தது 1879-ல், விலை காலணா. அது வெறும் கார்டு. படம் போட்ட கார்டு பரவலானது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். சென்னையில் ஹிக்கின்பாதம்ஸ், ஸ்பென்சர், வீலே அண்ட் கிளைன் போன்றவர்கள் தென்னிந்திய ஊர்களின் காட்சிகளை வெளியிட்டார்கள். பல கார்டுகள் அச்சானது ஜெர்மனியில். கறுப்பு வெள்ளைப் படத்தின்மேல் அங்கேயே வண்ணம் ஏற்றினார்கள். மதுரையைக் கண்ணால் காணாத ஒருவர், கோபுரத்துக்கு என்ன நிறம், கரையில் துவைக்கிற பெண்ணின் சேலைக்கு என்ன நிறம் என்று முடிவு செய்திருக்கிறார். வைகைத் தண்ணீர் அப்படி நீலமாக இருந்ததில்லை. ஊர்ப் பேர் ‘மதுரா’ என்று அச்சாகியிருக்கும். வெளிநாட்டு ஆவணக் காப்பகங்களிலும் ஏல விற்பனைகளிலும் அந்தப் பேரைப் போட்டுத் தேடினால்தான் பாதிப் படங்கள் அகப்படும்.

கார்டைக் கையில் எடுத்தால் நான் முதலில் திருப்பித்தான் பார்ப்பேன். பிரிட்டனில் 1902 வரை பின்பக்கம் முகவரிக்கு மட்டும்தான். சேதி எழுத வேண்டுமென்றால் படத்தின் ஓரத்தில் கிடைத்த வெள்ளையில் நுணுக்கி எழுத வேண்டும். அப்புறம்தான் பின்பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்தார்கள், மற்ற நாடுகளிலும் அது வந்தது. ஆகவே கோடு இருக்கிறதா இல்லையா என்பதே காலத்துக்கு ஒரு தடயம். தபால் தலையில் இருக்கிற ராஜா எட்வர்டா ஜார்ஜா என்பது இன்னொன்று. முத்திரை தெளிவாக விழுந்திருந்தால் தேதியே கிடைத்துவிடும். எழுதியிருக்கிற சேதியில் ஊரைப் பற்றி ஏதாவது இருக்கும் என்று ஆசையாகப் படித்தால் பெரும்பாலும் வெயில், கொசு, அடுத்த ரயில் எப்போது என்பதுதான். போகட்டும், வெயிலும் ஊர் வரலாறுதான்.

ஆனால் இந்தக் கார்டுகளில் எனக்கு உருப்படியாகக் கிடைத்தவை எல்லாம் ஓரங்களில் இருந்தவை. கோபுரத்தை எடுக்கப் போனவரின் கேமராவில் தற்செயலாக ஒரு கீற்றுக் கொட்டகை விழுந்திருக்கும். சித்திரை வீதி முனையில் ஓர் ஒற்றை மாட்டு வண்டி, முக்காடு போட்ட ஒரு கிழவி, பூக்கூடை. எடுத்தவருக்கு அவை இடைஞ்சல். பெரிதாக்கிப் பார்க்கிற எனக்கு அவைதான் படம். புது மண்டபத்துக்குப் பக்கத்தில் ஏழுகடல் என்று ஒரு தெப்பம் இருந்தது, இப்போது அந்த இடத்தில் கடை வளாகம். அந்த மாதிரி இடங்களின் படித்துறை ஒன்று எங்காவது ஓர் ஓரத்தில் மாட்டாதா என்று கண் அலையும்.

சந்துகளின் படம் கிடைத்தது நான் எதிர்பார்க்காத இடத்தில். சாவு வீட்டுப் படங்களில்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் இருந்தது, தமிழ்நாட்டின் பல ஊர்களிலும் இருந்ததுதான். வீட்டில் பெரியவர் கண்ணை மூடினால் ஸ்டுடியோவுக்கு ஆள் ஓடும். உடலைக் குளிப்பாட்டி, நாற்காலியில் சாய்த்து, தலை தொங்காமல் துணியால் கட்டி, மாலை போட்டு, சுற்றிலும் மகன்கள், மருமகள்கள், பேரன் பேத்திகள் நிற்க ஒரு படம். உயிரோடு இருந்தபோது கேமரா முன்னால் நிற்காதவர்களுக்கு அதுதான் முதல் படம், அதுதான் கடைசிப் படமும். படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று பயந்தவர்களுக்கு இனிக் குறைய ஒன்றும் இல்லை அல்லவா.

ஊர் வரலாற்றுக்கு இதில் என்ன இருக்கிறது என்றால், வெளிச்சம் இருக்கிறது. கல்யாணப் படம் ராத்திரி ஊர்வலத்தில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் எடுத்தது. ஆட்களுக்குப் பின்னால் ஒரே இருட்டு. சடங்குப் படம் ஸ்டுடியோவில் எடுத்தது. பூ வைத்துப் பின்னிய ஜடை தெரிய வேண்டும் என்று பெண்ணுக்குப் பின்னால் கண்ணாடி வைப்பார்கள், அதற்கும் பின்னால் மாளிகையும் ஏரியும் வரைந்த திரை. ஆனால் சாவுக்கு ஸ்டுடியோக்காரர்தான் வீட்டுக்கு வர வேண்டும். வீட்டுக்குள் வெளிச்சம் போதாது. அதனால் வாசலில், தெருவைப் பார்க்க, பட்டப்பகலில் எடுத்தார்கள். திண்ணை, மரத்தூண், ஓடு, தெருக்குழாய், சாக்கடைமேல் போட்ட கல், எதிர்ச்சாரியில் நின்று எட்டிப் பார்க்கிற கூட்டம், சுவரில் சோப்பு விளம்பரம், எல்லாம் கூர்மையாக விழுந்திருக்கின்றன. சினிமா போஸ்டர் ஒட்டியிருந்தால் அதிர்ஷ்டம். மதுரையில் எந்தப் படம் எப்போது ஓடியது என்பதை வாரக்கணக்கில் சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். 1952-ல் திறந்த தங்கம் தியேட்டர் இன்று இல்லை, ஆனால் அதில் என்ன ஓடியது என்ற ஞாபகம் இன்னும் பல பேரிடம் பத்திரமாக இருக்கிறது. ஒரு படத்துக்கு வருடம் குறிக்க இதைவிடப் பெரிய உதவி கிடையாது.

இந்தப் படங்களை யாரும் சுவரில் மாட்டுவதில்லை. பெட்டியில் அடிப்பக்கத்தில், பத்திரங்களுக்கும் கீழே, குப்புறக் கிடக்கும். வீட்டில் வைக்கக் கூடாது என்று ஆற்றில் விட்டவர்கள் இருக்கிறார்கள், எரித்தவர்கள் இருக்கிறார்கள். முகத்தை மட்டும் வெட்டி, மூடிய கண்ணைத் திறந்ததாக வரையச் சொல்லி, பெரிதாக்கி மாட்டுவது இன்னொரு வழக்கம். அப்படி வெட்டும்போது போவது தெரு.

என் அத்தை வீட்டில் அப்படி ஒரு படத்தை எடுத்தபோது முதலில் கிடைத்தது வசவுதான். “வெளக்கு வைக்கிற நேரத்துல அத எதுக்குடா எடுக்குற?” மறுநாள் காலையில் அவராகவே கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நாற்காலியில் இருப்பவர் யார், நிற்பவர்கள் யார் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், நடுவில் நிறுத்தினார். “இது நம்ம வீட்டுத் திண்ணை இல்லடா. எதுத்த வீடு. நம்ம வாசல்ல வெயிலு மூஞ்சில அடிச்சுச்சு, போட்டோக்காரர் முடியாதுன்டாரு. அதான் அங்கிட்டுத் தூக்கிட்டுப் போயி உக்கார வச்சாங்க. அந்த வீட்டுக்காரவுக ஒத்துக்கிட்டது பெருசு. அடுத்தவுக வீட்டுச் சாவ யாரு வாசல்ல வைக்க விடுவா?”

இது அந்தப் படத்தில் எங்கேயும் இல்லை. எவ்வளவு பெரிதாக்கினாலும் வராது. அத்தை சொல்லாமல் இருந்திருந்தால், ‘எங்கள் வீட்டு முகப்பு’ என்று எழுதி வைத்து அதையே எல்லோரும் நம்பியிருப்போம். தெருவில் இரண்டு குடும்பங்களுக்கு இடையில் இருந்த உறவு, வீடு எந்தத் திசை பார்த்தது, படம் எடுத்தது காலையா மாலையா, மூன்றும் அந்த நாலு வாக்கியத்தில் இருக்கின்றன. பழைய படம் சேர்க்கிறவர்கள் பேப்பரைத் தேடி அலைகிறார்கள். பேப்பர் இன்னும் முப்பது வருடம் கிடக்கும். அதைப் படிக்கத் தெரிந்த அத்தைக்கு எண்பது தாண்டிவிட்டது.

அதனால் நான் இப்போது படத்தை வாங்கும் முன் பேச்சை வாங்குகிறேன். போனில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு, படத்தைப் பெரியவர் கையில் கொடுத்துவிட வேண்டும். “இவங்க யாரு?” என்ற கேள்வி சீக்கிரம் தீர்ந்துவிடும். “யார் எடுத்தது? எங்கே நின்று எடுத்தார்? அன்றைக்கு வீட்டில் என்ன? இந்தக் கதவு இப்போது எங்கே இருக்கிறது?” என்று கேட்டால் பேச்சு நீளும். கதவைக் கேட்டால் பாகப்பிரிவினைச் சண்டைவரை வரும். அதை எழுதலாமா என்பது வேறு விஷயம், பெரும்பாலும் எழுதுவதில்லை.

படத்தின் பின்னால் எழுதப் பென்சில்தான். பால் பாயின்ட் பேனா அழுத்தினால் முன்பக்கம் புடைக்கும், மை ஊறும். ஸ்கேன் செய்தால் இரண்டு பக்கமும், குறைந்தது 600 டிபிஐ. ஸ்டுடியோவின் முத்திரை பின்னால்தான் இருக்கும். ஸ்கேனர் இல்லாவிட்டால் ஜன்னலோர வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், போனை நேராகப் பிடித்து எடுத்தாலே போதும். சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்கக் கூடாது, கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்துவிடலாம். ஈரம் ஏறாத இடம், பூஞ்சை பிடிக்காத காகித உறை. பசை தடவிய தாளின்மேல் பிளாஸ்டிக் மூடிய ஆல்பங்கள் இருக்கின்றனவே, எண்பதுகளில் கல்யாணப் பரிசாக வந்தவை, அவற்றிலிருந்து படங்களை முடிந்தால் இன்றைக்கே வெளியே எடுங்கள். வராவிட்டால் இழுக்காதீர்கள்.

லேமினேஷனைப் பற்றித் தனியாகத் திட்ட வேண்டும். நம் ஊரில் ஒரு பொருள்மேல் பாசம் வந்துவிட்டால் அதை லேமினேட் செய்துவிடுகிறோம். ரேஷன் கார்டு, மார்க் ஷீட், தாத்தா. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் திரும்பப் பிரிக்க வழியில்லை, உள்ளே மாட்டிய ஈரம் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். நல்ல எண்ணத்தோடு செய்கிறார்கள் என்பதால்தான் வயிற்றெரிச்சல் அதிகம்.

ஸ்டுடியோக்கள் கதை இன்னும் மோசம். கண்ணாடி நெகட்டிவ்களைக் கழுவிக் கண்ணாடியாக விற்றார்கள், பிலிம் நெகட்டிவ்களை வெள்ளி எடுக்கிறவர்களிடம் எடைக்குப் போட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. டிஜிட்டல் வந்ததும் தொழில் படுத்துவிட்டது, கடை வாடகைக்கு யார் பதில் சொல்வது? ஒரு ஊரின் மூன்று தலைமுறை முகங்கள் அந்த டப்பாக்களில் இருந்தன என்பது உண்மை, அதை வைத்துக்கொள்ள அவர்களுக்கு இடமும் காசும் யாரும் தரவில்லை என்பதும் உண்மை. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனமும் பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டமும் சேர்ந்து தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களை டிஜிட்டல் ஆக்கியது, இந்த விஷயத்தில் நடந்த நல்ல காரியம். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் புத்தகத்தோடு நிறுத்தாமல் அழைப்பிதழ், நாடக நோட்டீஸ் என்று கையில் கிடைத்ததையெல்லாம் சேர்த்தார். அவர் சேகரித்ததை அடிப்படையாக வைத்து 1994-ல் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் வந்தது. அமெரிக்க மதுரை மிஷன் 1834-ல் இங்கே வேலை தொடங்கியது. அந்த மிஷனை அனுப்பிய சபையின் ஆவணங்கள் ஹார்வர்டின் ஹவுட்டன் நூலகத்தில் இருக்கின்றன. பாஸ்டன் பக்கம் வேலை பார்க்கிற மதுரைப் பிள்ளைகள் ஒரு சனிக்கிழமையை விசாரிப்பதற்குக் கொடுத்தால் நன்றாக இருக்கும்.

புதிதாக இன்னொரு தொல்லை வந்திருக்கிறது. மங்கிய படத்தை ‘தெளிவாக்கி’ வண்ணம் ஏற்றித் தருகிற செயலிகள். கொள்ளுப்பாட்டிக்குப் பளிச்சென்று பல் வரிசை வருகிறது, அவருக்கு இல்லாத பல். கடைப் பலகையில் மங்கியிருந்த தமிழ் எழுத்து, எந்த மொழியிலும் இல்லாத எழுத்தாக மாறி ஜொலிக்கிறது. அந்தப் பலகைதான் தெருவைக் கண்டுபிடிக்க இருந்த ஒரே தடயம். பார்த்துச் சந்தோஷப்படுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பழையதை அழிக்காமல் தனியாக வையுங்கள், பரப்பும்போது இது மாற்றிய படம் என்று ஒரு வரி சேருங்கள். இதில் நாம் மட்டும் பாவிகள் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். டிரைப்பின் படங்கள் பலவற்றில் வானத்தில் தெரிகிற மேகம் அவரே நெகட்டிவில் தீட்டியது.

இவ்வளவும் சொன்னது ஒரு காரியத்துக்காகத்தான். என்னிடம் ஒரு படம் நிற்கிறது, எந்தத் தெரு என்று பிடிபடவில்லை. நாற்காலியில் ஒரு பாட்டி, காதில் தண்டட்டி. இடப்பக்கம் உயரமான திண்ணை, அதற்கு மூன்று படி. வலப்பக்கம் தெரு லேசாக வளைகிறது, வளைவில் ஒரு சின்னக் கோவில், கூரைமேல் சுதைக் குதிரை ஒன்று, முன்னங்கால் உடைந்தது. தூரத்தில் ஒரு பலகையின் கடைசிச் சொல் மட்டும் படிக்க முடிகிறது: ‘விலாஸ்’. அந்தக் காலத்து மதுரையில் பாதி கிளப்புக் கடைக்கு, அதாவது சாப்பாட்டுக் கடைக்கு, அதுதான் பேரின் வாலாக இருந்திருக்கும், ஆகவே அது உதவாது. குதிரைதான் உதவும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் மட்டும் வேண்டாம்.